எதிர் லயத்துச் சேவலும் என் புது டோர்ச்சும்

எங்கள் வீட்டுப் பழைய டோர்ச் எரிய ஒரு தொடை வேண்டும். ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் மஞ்சளாக எரியும். கக்கூசுக்குப் போகிற பாதி வழியில் அணைந்துவிடும். மறுபடியும் தட்ட வேண்டும். சார்ஜ் ஏற்றுகிற டோர்ச் என்று பெயர்தான். நாள் முழுக்கச் செருகி வைத்தாலும் மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி அசையாமல் கிடக்கும். இதை வைத்துக்கொண்டு காட்டுப்பன்றியை எப்படி விரட்டுவது? தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த முட்டைக்கோவாப் பாத்தியைப் பன்றி உழுதுவிட்டுப் போன மறுநாளே நான் ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

கடைக்கார நானா புதியதை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தார். கைப்பிடி, தோளில் மாட்ட வார், பக்கத்தில் சிவப்பாக மினுக்கும் விளக்கு, போதாததற்கு ஒரு சைரன் பொத்தான். "தம்பி, இத அடிச்சா அடுத்த தோட்டம் தெரியும்," என்றார். அடுத்த தோட்டத்தில் எனக்கு என்ன வேலை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழையதை மாற்றாக எடுப்பாரா என்று கேட்டேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வீட்லயே வச்சிக்கிங்க," என்றார்.

பழையதைத் தங்கச்சி வாங்கிக்கொண்டாள். அவள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். கரண்ட் போனால் பிள்ளைகளுக்குப் படம் வெட்ட அது போதும் என்றாள்.

புதியதை நான் வாசலில் நின்று அடித்துப் பார்த்தேன். எங்கள் லயம் ஒரு சரிவில், நடுவில் ஓடை, அந்தப் பக்கச் சரிவில் எதிர் லயம். வெளிச்சம் ஓடையைத் தாண்டிப் போய், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கங்காணி ஒருவரின் வெள்ளையடித்த சுவரில் விழுந்தது. சுவர் பளீரென்று ஆனதும் அவருடைய சேவல் கூவியது. அணைத்தேன், நிறுத்தியது. அடித்தேன், கூவியது. இவ்வளவு கீழ்ப்படிதல் உள்ள ஒரு ஜீவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் தினமும் அந்தியில் பன்றி பார்க்கிற சாக்கில் இரண்டு தரம் கூவ வைத்தேன்.

கங்காணி தோட்டத்துத் தலைவரிடம் முறையிட்டார். சேவல் நேரம் தவறிக் கூவி, எதிர் லயத்தில் அந்தியிலேயே தூங்கிப்போன யாரோ விடிந்துவிட்டதென்று எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கூப்பிடுகிற இடத்துக்கு, போய்த் தனியாக நின்றாராம். தலைவர் எங்கள் வழக்கப்படி தீர்ப்புச் சொன்னார்: வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துத் தட்டோடு போய்க் கங்காணியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"கோழிக்கு வெத்தல வைக்க எனக்கு என்னா பைத்தியமா?" என்று நான் கத்திவிட்டு வந்துவிட்டேன். சுவர் அவருடையது என்றால் வெளிச்சம் என்னுடையது.

இந்த நிலையில்தான் தங்கச்சிக்கு நுவரெலியாப் பக்கமிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. இதற்கு முன் வந்த இடங்களெல்லாம் வடையைத் தின்றுவிட்டு, "போன் பண்றோம்" என்று போன இடங்கள். ஒவ்வொரு தடவையும் அவள் சேலையை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல மறுநாள் பள்ளிக்கூடம் போவாள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரியும். இந்த மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் அவள் போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்ததை நான் கவனித்தேன். இந்த இடம் தவறக் கூடாது என்று எல்லாச் சாமிகளையும் கும்பிட்டேன்.

அவர்கள் வேலை முடிந்து அந்தியில் வருவதாகச் சொன்னார்கள். வந்த நேரத்தில் கரண்ட் போனது. வேன் சேற்றில் ஏறாது. கீழே வளைவில் நிறுத்திவிட்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் போன் போட்டார். "தம்பி, ஒரே இருட்டா இருக்கே, எந்தப் பக்கம் வர்றது?"

என் டோர்ச் பிறவி எடுத்ததே இதற்குத்தான். "ஒண்ணும் யோசிக்காதீங்க மாமா. நான் லைட் அடிக்கிறேன், அதப் பாத்துக்கிட்டே வாங்க," என்றேன். வாசலில் நின்று, தோளில் வாரை மாட்டி, நெஞ்சை நிமிர்த்தி அடித்தேன்.

பழைய டோர்ச்சாக இருந்தால் நான் நிற்கிற இடம் மட்டும் தெரிந்திருக்கும்; அவர்களும் என்னிடம் வந்திருப்பார்கள். புதியது வெளிச்சத்தை எங்கோ கொண்டுபோய்க் கொட்டுகிறது. கீழே வளைவிலிருந்து பார்த்தால் எங்கள் வாசலை டர்பன்டைன் மரங்கள் மறைத்துவிடும். மலை முழுக்க இருட்டு, ஒரே ஒரு வீடு மட்டும் ஜெகஜ்ஜோதி. எங்கள் தோட்டங்களில் விசேஷ வீட்டுக்கு யாரும் வழி கேட்பதில்லை. வெளிச்சம் உள்ள வீடுதான் விசேஷ வீடு.

சேவல் கூவியது.

"டேய், அந்தச் சேவ ஏன்டா கூவுது?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். அந்தப் பக்கம் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பழத் தட்டோடு, ஒருவர் பின் ஒருவராகக் கங்காணியின் வாசலில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கத்தினேன், சேவல் கூவிய கூவலில் அவர்களுக்குக் கேட்கவில்லை. போன் போட்டேன், மாமன் மரியாதைக்காக அதை அணைத்துவிட்டிருந்தார். சைரனை அழுத்தினேன். எதிர் லயமே வெளியே ஓடி வந்து, சிறுத்தை எங்கே என்று தேயிலைக்குள் பார்த்தது. டோர்ச்சை அணைக்கலாம் என்றால், அவர்கள் ஏறுகிற படி ஓடைப் பக்கம் உடைந்து கிடக்கிறது. ஆளுக்கொரு கால் முறியும். ஆகவே என் தங்கச்சியைப் பார்க்க வந்தவர்களுக்கு, எனக்கு ஆகாதவன் வீட்டில் உட்கார, நானே விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே நடந்ததை மாமன் பிறகு சொன்னார். தட்டைப் பார்த்ததும் கங்காணி உருகிப்போனாராம். நான் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கி, தேத்தண்ணீர் போடச் சொல்லியிருக்கிறார்.

"பெரிய மனுசங்க தட்டோட வந்துட்டீங்க, நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல. ஆனா அந்தப் பய இனிமே இந்தப் பக்கம் லைட் அடிக்கக் கூடாது."

மாமன் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எந்தப் பயங்க?"

"அந்தியானா போதும், அந்தப் பக்கத்துலேருந்து அடிக்கிறான். கொஞ்ச நேரம் அடிப்பான், அணைப்பான். இங்கேருந்து பதில் வந்தாத்தான் அவனுக்குத் தூக்கம்."

பதில் சொல்வது சேவல் என்பதை அவர் சொல்லவில்லை. அதுதான் ஊருக்கே தெரியுமே. பெண்ணுக்கு யாரோ சிக்னல் கொடுக்கிறான் என்று மாமன் முடிவு கட்டி, துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்துவிட்டார்.

இங்கே தங்கச்சி சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். பழைய டோர்ச்சை எடுத்துத் தொடையில் தட்டினாள்.

"பொண்ணே போயி மாப்பிள்ளயக் கூட்டிட்டு வர்ற வழக்கம் எங்கயாச்சும் இருக்காடி?" என்று அம்மா அலறினாள்.

"சேவ கூவுறப்ப பொண்ணு பாக்குற வழக்கம் மட்டும் இருக்கா?" என்றாள் அவள். என்னிடம் திரும்பி, "அண்ணே, நீ அசைக்காமப் புடி. அது ஒண்ணாச்சும் உருப்படியாச் செய்யி."

தேயிலைக்குள் இறங்கி, பாலம் தாண்டி, அவள் அந்த வெளிச்சத்துக்குள் ஏறுவதைப் பார்த்தேன். கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று ஓடையைத் தாண்டி என்னைக் கை நீட்டிக் காட்டினாள். "லைட் அடிக்கிறது எங்க அண்ணன்தாங்க. பொண்ணு நான்தான்," என்றாளாம். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாராம். கங்காணி மட்டும் தட்டைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். ஏற்றுக்கொண்ட மன்னிப்பைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவருடைய வம்சத்தில் இல்லையாம்.

வெறுங்கையோடு கிளம்பினார்கள். மற்றவர்கள் முன்னால் வந்துவிட, தங்கச்சியின் மஞ்சள் வெளிச்சம் மட்டும் பாலத்தில் நின்றுவிட்டது. பக்கத்தில் இன்னோர் ஆள். அவள் விழுந்துவிடப் போகிறாளே என்று நான் பெரிய டோர்ச்சைப் பாலத்தின் பக்கம் திருப்பினேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அணைடா."

அணைத்தேன். அதை வாங்கியதிலிருந்து நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சள் வெளிச்சமும் அணைந்தது. யாரோ தட்டுகிற சத்தம், எரியவில்லை. வேறு யாரோ தட்டுகிற சத்தம். அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து என் தங்கச்சி சிரிப்பது கேட்டது. இத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போன காலத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து வடை தின்றார்கள். மாமன் சங்கடத்தோடு, "தட்டு மாத்தணும்னா எங்க தட்டு அங்க மாட்டிக்கிருச்சே," என்றார். மாப்பிள்ளை கிளம்பும்போது கீழே வேன் வரைக்கும் வெளிச்சம் வேண்டும் என்று பழைய டோர்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் பெரியதைத் தூக்கிக்கொண்டு, "இதக் கொண்டு போங்களேன்," என்று பின்னாலேயே ஓடினேன். "வேணாங்க, இது போதும்," என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அதை அவர் திருப்பித் தரவில்லை. தங்கச்சி கேட்கவும் இல்லை.