நல்லா கவனிச்சானுவ

பாளையங்கோட்டை கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற கெசியாவுக்கு, மூடரை மன்னிக்கும் வரம் மட்டும் வாய்க்கவில்லை. பிரசங்கத்தில் போதகர் ஒருமை பன்மை தவறினாலே பாட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடுவாள். அவள் கையில்தான் வள்ளியூர் சுடலைமணியின் வாக்குமூலம், அவன் வக்கீல் வழியாகச் சரிபார்க்க வந்து சேர்ந்தது.

லாரி ஓட்டப் போகிறோம் என்று நம்பி வெளிநாடு போனவன் சுடலைமணி. ஏஜெண்ட் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். பத்தாம் நாள் உடம்பில் பட்டாளத்துச் சட்டை. முதல் சண்டையிலேயே பிடிபட்டு, ஒன்பது மாதம் போர்க்கைதி முகாமில் கிடந்து ஊர் திரும்பினான். இடது கையில் மூன்று விரல் மடங்காது.

அந்த முகாமின் தளபதிமேல் இப்போது வழக்கு. கைதிகளை வதைத்தான் என்பதற்குச் சாட்சி தேடிய வெளிநாட்டு விசாரணைக் குழு, சுடலைமணியின் வாக்குமூலத்தைத் தள்ளிவிடப் போவதாக எழுதியிருந்தது. நன்றாக நடத்தப்பட்டதாக அவனே சொல்லியிருக்கிறானாம்.

கெசியா தமிழ் மூலத்தைப் பார்த்தாள். "மொத நாளே நல்லா கவனிச்சானுவ. அப்புறம் தினம் ரெண்டு வேளை கவனிப்புதான்." ஆங்கிலத்தில் அது சிறந்த பராமரிப்பும், அன்றாட மருத்துவமும் ஆகியிருந்தது. சிறை முகாமை அவன் 'மாமியார் வீடு' என்று நக்கலாகச் சொன்னது, ஆங்கிலத்திலும் மனைவியின் அம்மா வீடாகவே போயிருந்தது. சாட்சிக்கு அந்த நாட்டில் கல்யாணம் ஆனதா என்று குழு ஓரத்தில் கேட்டிருந்தது.

மொழிபெயர்த்த சிவசங்கரனுக்கு மூன்று பட்டமும் ஒரு முத்திரையும் உண்டு. சாட்சி சொன்னதை அப்படியே தருவதுதான் தர்மம், உட்பொருள் தேடுவது தன் வேலையில்லை என்றார்.

"நல்லா வச்சிருந்தவன எவனாவது மரியாதையில்லாம 'னுவ' போட்டுப் பேசுவானா அண்ணாச்சி?" என்றாள் கெசியா. "உங்க இங்கிலீஷ்ல குத்தமில்ல. தமிழ்தான் யாராவது சொல்லிக் குடுக்கணும்."

சாட்சியே வீடியோவில் விளக்கட்டும் என்றது குழு. அங்கேதான் சிக்கல். அடி வாங்கியதைச் சுடலைமணி பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. டீக்கடையில் அது சிரிப்புக் கதை. புதன்கிழமை வீடியோவில், கெசியா பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க, அதிகாரி கேட்டபோதும் பல்லைக் காட்டினான்: "விருந்துதான்க்கா."

கெசியா அதை மொழிபெயர்க்கவில்லை. சாட்சியிடம் பொருள் கேட்கிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"தம்பி, இவங்களுக்கு நம்ம நக்கல் தெரியாது. நீங்க சிரிச்சா அந்தத் தளபதி தப்பிச்சிருவான்."

சுடலைமணி இடது கையை மேசைமேல் வைத்தான்.

"கம்பியால அடிச்சானுவ. வெரல ஒடிச்சானுவ. அந்தத் தளபதி நாற்காலி போட்டு ஒக்காந்து பாத்தான். நான் அழுதேன்க்கா. அதையும் சொல்லிருங்க."

ஒரு சொல் விடாமல் சொன்னாள். வாக்குமூலம் ஏற்கப்பட்டது.

மறுநாள் சிவசங்கரன் போனில் வந்தார். தன் பெயர் கெடாதபடி ஒரு குறிப்பு வேண்டுமாம். வீட்டுக்கு வரட்டுமா என்றார்.

"வாங்க அண்ணாச்சி, நல்லா கவனிக்கேன்."

சாப்பிடாமல் வருவதா, சாப்பிட்டுவிட்டு வருவதா என்று கேட்டார் அவர்.