மானும் பைன் மரமும்

விலங்கியல் சார் கரும்பலகையில் மான் வரைந்தால் கொம்பில்தான் தொடங்குவார். அன்று மாலை ஆய்வகத்தில் எனக்காக வரைந்தது நாற்கொம்பு மான். முன்னால் சின்னதாக இரண்டு, பின்னால் கொஞ்சம் பெரிதாக இரண்டு. "இதுங்க கூட்டமா சுத்தாது மிஸ். தனியா இருக்கும், இல்லன்னா ஜோடியா. தினமும் தண்ணி வேணும். காடு இருந்தும் தண்ணி வத்திட்டா அங்க மான் இருக்காது. இதைச் சொல்லுங்க, பசங்க மனசுல பதியும்."

தாம்பரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அவர் விலங்கியல், நான் தாவரவியல். உயிரியல் எடுக்கும் பிள்ளைகள் குறைந்துபோனதால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆசிரியர் போதும் என்று தாளாளர் முடிவெடுத்துவிட்டார். ஆளுக்கொரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், அதுவும் அடுத்தவர் பாடத்தில். எனக்கு அருகிவரும் மான். அவருக்கு மலையெங்கும் நிற்கும் பைன். தேறாதவருக்கு வேலை இல்லை. வேறு யாராக இருந்தாலும் என்னிடம் முகம் கொடுத்தே பேசியிருக்க மாட்டார்கள். இந்த மனுஷன் தனக்குத் தெரிந்த அத்தனையையும் அள்ளிக் கொடுத்தார்.

நானும் கொடுத்தேன், ஒன்றைத் தவிர. ஒத்திகை பார்க்கும்போது அவர், "பைன் எப்பவும் பச்சை, இலையே உதிராது," என்றார். தவறு. பழைய ஊசியிலைகள் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும்; மொத்தமாக உதிராததால் மரம் பச்சையாகத் தெரிகிறது. திருத்த வாயெடுத்தேன். அந்த வருடம் கல்லூரியில் சேரவிருந்த என் மகள் நினைவுக்கு வந்தாள். "சரியா இருக்கு சார்," என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் அதே வரியை அவர் சொன்னதும் தாளாளர் கேட்டார்: "அப்போ கொடைக்கானல்ல மரத்தடியில மெத்தை மாதிரி கிடக்குதே, அது என்ன சார்?" பிள்ளைகள் சிரித்தார்கள். சாரும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

மான் பாடத்தை நான் பிரமாதமாக எடுத்தேன். எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தவை. வேலை எனக்கு வந்தது. மான் தனக்குப் பொருந்தாத இடத்தில் இல்லாமலே போய்விடும். பைன் பாறையிடுக்கிலும் வேர் பிடித்துக்கொள்ளும். இப்போது இரண்டு பாடத்தையும் நானே நடத்துகிறேன். எங்கள் இருவரில் பைன் யார் என்று என்னை யாரும் கேட்க வேண்டியதில்லை.

போன மாதம் ராஜகீழ்ப்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். வீட்டில் டியூஷன் எடுக்கிறாராம். முதல் கேள்வியே என் மகளின் படிப்பைப் பற்றி. அந்தக் கனிவு தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அன்னிக்கே புரிஞ்சுது மிஸ். பாட்டனி மிஸ்ஸுக்கு இது தெரியாமலா இருக்கும்? உங்க இடத்துல நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேனான்னு ரொம்ப நாள் யோசிச்சேன்."

"சொல்லியிருப்பீங்களா சார்?"

அவர் குரலில் கோபமே இல்லை.

"சொல்லியிருப்பேன் மிஸ்."