பாண்டிக்காரியோடு ஒரு படம்

ஜெபலதா கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலைக்குப் பக்கத்தில் பிறந்தவள். படித்தது தமிழ்ப் பள்ளியில். நெய்யாற்றின்கரை ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபின் நாக்குப் பிசகாத மலையாளம் பழகிக்கொண்டாள். தமிழர்களை மலையாளிகள் இளக்காரமாகச் சொல்வதுபோல் யாரும் தன்னைப் 'பாண்டி' என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

ஓணத்துக்கு ஒரு கிளப் நகரம் முழுக்கப் புதையல் வேட்டை நடத்தியது. கடையில் கூட நிற்கும் நந்தனாவும் தீபுவும் அவளையும் அணியில் சேர்த்தார்கள். பாலம், சந்தை, பேருந்து நிலையம் என்று ஓடி, கேட்ட படங்களையெல்லாம் எடுத்தாகிவிட்டது. கைபேசியில் கடைசிக் குறிப்பு வந்தது: 'அணியில் இல்லாத ஒரு பாண்டியோடு படம்.'

"தமிழ்நாட்டு லாரி நிக்கிற இடத்துக்குப் போவோம்," என்றான் தீபு.

"எதுக்கு? நம்ம கையில் உண்டல்லோ!" நந்தனா ஜெபலதாவைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள். "சிரிடீ."

"எட்டி, நான் நம்ம டீமாக்கும். ஒனக்க வீட்டுலயும் தமிழுதானே?"

"அது வீட்டுல. தீபு, இவ பேர வெட்டு."

அவன் அணியிலிருந்து அவள் பெயரை நீக்கிவிட்டுப் படம் எடுத்தான்.

முதல் பரிசு அவர்களுக்குத்தான். மேடைக்கு இரண்டு பேரைத்தான் கூப்பிட்டார்கள். அறிவிப்பாளர் அந்தப் படத்தைத் திரையில் காட்டிவிட்டு, கீழே நின்ற ஜெபலதாவிடம் மைக்கை நீட்டி, கொச்சைத் தமிழில், "அக்கா, எந்த ஊரு? சாப்பிட்டாச்சா?" என்றார். கூட்டம் சிரித்தது.

தான் பாறசாலைக்காரி என்று அவள் சுத்தமான மலையாளத்தில் சொன்னாள்.

"அடேயப்பா! பாண்டிக்காரிக்கு எத்ர நல்ல மலையாளம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நந்தனாவும் தட்டினாள்.