அக்சாள், அக்காள் அல்ல

உங்கள் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? அக்சாளுக்கு ஓர் ஏக்கரும் பாதிக் கிணறும் குறையும். அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் அவருடைய தையல் கடை. துணி கொண்டு வருபவரின் பெயரைச் சாக்பீஸால் துணியின் உட்புறத்தில் எழுதி, வாய்விட்டு வாசித்துக் காட்டிய பிறகுதான் அளவு நாடாவைத் தொடுவார்.

“ஃபாயிஸாவா, ஃபைசாவா? திருத்தமாச் சொல்லு தாயி. எழுத்து மாறுனா துணி ஆளு மாறிப் போயிரும்.”

வயது ஐம்பத்திரண்டு. பல்லிடுக்கில் எப்போதும் ஒரு குண்டூசி. அதை எடுக்காமலே பேசுவார், சிரிப்பார். சந்துக்காரர்களுக்கு அவர் ‘அச்சாக்கா’. பழைய வாடிக்கையாளர் பரக்கத் நிஷா மட்டும், ஜெருசலேம் பள்ளிவாசலின் பெயர் என்று நினைத்து மரியாதையோடு ‘அக்ஸா’ என்பார். அது அரபு, இது எபிரேயம். மூத்த மகன் ஜெயபாண்டி பிறந்த பிறகு சபையில் சேர்ந்த அப்பா மொக்கையன், அடுத்துப் பிறந்த மகளுக்குப் பாதிரியார் சொன்ன பெயரை வைத்துவிட்டார்.

பெயரில் மந்திரம் இருப்பதாக நான் நம்புவதில்லை. அகராதியை நம்புகிறேன். அதில் அக்சாள் என்பதற்குக் ‘கொலுசு’ என்று போட்டிருந்தது. அவரிடம் சொன்னேன்.

“மிசினு மிதிக்கிற காலுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்!”

பொருளைவிட அந்தப் பெயரின் கதைதான் அவருக்குப் பிடிக்கும். பைபிளில் அதை முதலில் சுமந்தவளுக்கு அவள் அப்பன் காய்ந்த நிலத்தைக் கொடுத்தானாம். நீரூற்றும் வேண்டும் என்று அவள் கேட்டு வாங்கினாளாம்.

“அவ வாய்விட்டுக் கேட்டு வாங்குனா. எங்கப்பா கேக்காமலே குடுத்துட்டுப் போனாரு. அதத்தான் பறிக்கப் பாக்குறாக.”

கிணற்றோடு இரண்டு ஏக்கர். கூட்டுப் பட்டா: ஜெயபாண்டி, அக்சாள். கணினியில் ஏற்றியவருக்கு இப்படியும் ஒரு பெயர் இருக்கும் என்று தோன்றவில்லை. ‘சா’வைக் ‘கா’வாக்கினார். ஜெயபாண்டி, அக்காள். பல வருடம் யாரும் கவனிக்கவில்லை. சோலார் கம்பெனி விலை பேச வந்ததும் அண்ணன் கவனித்தார். அந்தப் பெயரை நீக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்.

போன வாரம் தாலுகா ஆபீஸில் விசாரணை. அவரிடம் துணி தைக்கக் கொடுக்கும் நானும் துணைக்குப் போயிருந்தேன். “யாருய்யா இந்த அக்காள்?” என்றார் அதிகாரி.

“எனக்கு அக்காவே கெடையாது சார்” என்றார் ஜெயபாண்டி.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யே சொல்லாமல் தங்கையின் நிலத்தை விழுங்க இந்த நாட்டில் வழி இருக்கிறது.

“அப்ப நான் ஒனக்கு யாருண்ணே?” என்று கேட்டார் அக்சாள்.

ஜெயபாண்டி ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி கோப்பை மூடினார். “பேரு சரியா இருந்தாத்தாம்மா பாக்க முடியும். அடுத்த வியாழக்கிழம வாங்க.”

அக்சாள் பல்லிடுக்கிலிருந்த ஊசியை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டார். இடுப்பிலிருந்து சாக்பீஸை எடுத்தார். அதிகாரியின் மேசைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ‘சா’ என்று எழுதி, வாய்விட்டு வாசித்தார்.

நீங்களும் இன்றைக்கு உங்கள் வீட்டுப் பட்டாவை எடுங்கள். அதிலுள்ள பெண்களின் பெயரை எழுத்தெழுத்தாக, வாய்விட்டு வாசியுங்கள். பெண் பெயரே இல்லையென்றால், ஏன் என்று கேளுங்கள்.