குருவித் தீனி

எண்பத்தாறில் ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்குப் பெட்டி அடுக்கும் வேலை. மூன்று மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சூப்பர்வைசர் முடிவு செய்வார். மனைவிக்கு ஏழாம் மாதம். அந்த வாரம் முழுக்கப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சூப்பர்வைசர் சாம்பியாப் பெண். நானும் அங்கே ஆறு வருடம் விவசாய அதிகாரியாக இருந்தவன். அதை அவரிடம் சொல்லாமல் மறைத்தேன். அரசாங்கம் சோளத்துக்குத்தான் நல்ல விலை வைத்திருந்தது. குரக்கனை, அதாவது கேழ்வரகை, விட்டுவிட்டுச் சோளம் போடுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவன் நான். உரமோ மழை முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. சோளம் முழங்காலளவில் மஞ்சளித்து நின்றது. நகரத்தில் மாவுக்கு நீண்ட வரிசை. கிராமத்தில் வரிசையில் நின்று வாங்க மாவே இல்லை. ஒப்பந்தம் முடிந்தது என்று நான் விமானம் ஏறிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, எங்கள் சொந்த ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த மாவில் மனைவி குரக்கன் பிட்டு அவித்தாள்.

"உந்தப் பிட்டை வேலைக்குக் கொண்டுபோகாதேங்கோ, ஆக்கள் சிரிப்பினம்" என்றாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. என் சாப்பாட்டைப் பார்த்து எவன் சிரிப்பான் என்று கட்டிக்கொண்டு போனேன்.

மதிய இடைவேளையில் சூப்பர்வைசர் என் படிவத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார். பிட்டைக் கண்டதும் பேனையை வைத்தார். கேட்காமலே ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். தன் தாய் விதைத்த தானியம் என்றார். ஓர் ஆசிய அதிகாரி வந்து, அது குருவித் தீனி என்று சொல்லிச் சோளம் போட வைத்தானாம். அந்த வருடம் வீட்டில் ஒருநேரச் சாப்பாடாம். ஊரின் பெயரையும் சொன்னார். அது என் மாவட்டம்.

குருவித் தீனி என் சொல்தான். கூட்டத்தைச் சிரிக்கவைக்க எல்லா ஊரிலும் சொல்வேன். ஊருக்கடி உபதேசம் உனக்கில்லையடி என்பதை என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிச்சயம். ஆனால் அவர் இன்னொரு பிடி எடுத்தபோது எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்த அதிகாரி நான்தான் என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு படிவத்தை இழுத்து, நிரந்தரம் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டு, என் பக்கம் தள்ளினார். எழும்பும்போது ஒன்றுதான் கேட்டார்.

"உங்கள் வீட்டிலும் இதைத்தானே சாப்பிட்டீர்கள். என் அம்மாவிடம் அதை ஏன் சொல்லவில்லை?"