சுவர் இருந்த இடம்

பிள்ளைகளே, திண்டிவனத்துக்கு அருகே ஒரு பழைய மாதா கோயிலில் நிற்கிறேன். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, அத்தனை உயரமான வளைவுகள். உங்கள் தாத்தா மாதிரிக் கொத்தனார்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. கீழே புதிதாகத் தரை போடுகிறார்கள். நடுவில் மட்டும் நீளமாக ஒரு செங்கல் தடம் தெரிகிறது. கோயிலைக் கூட்டும் அக்காவிடம் அது என்னவென்று கேட்கிறேன்.

"சாதி பாத்து எங்களைத் தனியா உக்கார வைக்க சுவரு வச்சிருந்தாங்க சார். எங்க அப்பாங்க சண்ட போட்டு இடிச்சாங்க."

டைல்ஸ் போடும் மேஸ்திரி நிமிர்கிறார். "மூடிட்டா பளிச்சுனு இருக்கும்க்கா."

"நீ போட்டுட்டுப் போய்க்கினே இருப்ப மேஸ்திரி. இங்க உக்காரப்போறது எங்க புள்ளைங்க. இது இன்னான்னு அதுங்க கேக்கட்டும், மூடாத."

 மேஸ்திரி அந்தத் தடத்தின் ஓரம்வரைக்கும் அளவெடுத்து, கையிலிருந்த டைல்ஸை வெட்டுகிறார்.