மைக் செட் காத்தவராயனும் வாய்க்கால் கரைக் குழாயும்

மைக் செட் காத்தவராயன் போய்விட்டான்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது போன். தூக்கத்திலேயே போய்விட்டானாம்... ஐம்பத்திரண்டு வயது. என்னைவிட ஒரு வயது சின்னவன்.

பாகூர் பக்கம் கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று எதற்கு வந்திருந்தாலும் அவன் கட்டிய ஸ்பீக்கரில் பாட்டு கேட்டிருப்பீர்கள். ஆள் யாரென்று தெரிந்திருக்காது. மேடைப் பக்கமே இருக்க மாட்டான். கடைசி வரிசையில், பெண்கள் கூட்டத்துக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருப்பான்.

எனக்கு அது தப்பாகத்தான் பட்டது. "யோவ், லேடீஸ் பக்கம் இன்னாய்யா உனக்கு வேல?" என்று ஒருநாள் சத்தமே போட்டுவிட்டேன்.

"இங்கதான்பா பேச்சு புரியாம கசகசன்னு கேக்குது. முன்னாடி குந்தினா எனக்கு இன்னா தெரியும்?" என்றான். எழுந்துபோய் ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டையும் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டு வந்தான். அதுவரை கோயில் சுவருக்குப் பாடிக்கொண்டிருந்தது, அதன்பிறகு ஜனங்களுக்குப் பாடியது.

பிடிவாதக்காரன் வேறு. ஒருமுறை பாக்ஸை மளிகைக்கடை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஏற்று, கம்பீரமாக இருக்கும் என்று விழாக்குழுவே சேர்ந்து சொன்னோம்.

"கீழ கொழந்தைங்க குந்தும். வுழுந்தா எவன் பதில் சொல்றது?"

தரையிலேயே ஸ்டாண்ட் போட்டான். ஒவ்வொரு காலுக்கும் மணல் மூட்டை வைத்தான். சுற்றிக் கயிறு கட்டினான். கயிற்றுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த குழுத் தலைவரையே எழுப்பி வெளியே விட்டான். தலைவர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார்... இவன் கண்டுகொள்ளவே இல்லை.

சரி. நான் எழுத வந்தது ஒரு குழாய் ஸ்பீக்கரைப் பற்றி.

எங்கள் ஊர் பாண்டி. வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு. இரண்டு ஊருக்கும் ஆடியில் ஒரே வாரம் தீமிதி. நம் பாட்டு அந்த ஊருக்குக் கேட்டால்தான் நமக்குத் திருவிழா. அவர்களுக்கும் அப்படித்தான். அதற்காகவே வாய்க்கால் கரைத் தென்னையில் ஒரு குழாய், அந்த ஊரைப் பார்த்து. அதற்குப் பொறுப்பு நான்.

காத்தவராயன் வேண்டாம் என்று சொல்லாமல் இல்லை. "திருவிழா இங்க நடக்குது. அங்க எதுக்குப்பா கத்தணும்?" நான் கேட்டால்தானே.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முதல் வீடு, என் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட வீடு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் மாமனாருக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கோயிலில் காப்புக் கட்டிய அன்றே வாய்க்காலைத் தாண்டி ஓடிவந்தாள்.

"அண்ணா, மாமாவுக்குப் படபடன்னு வருதுண்ணா. அந்த ஒரு கொழாய மட்டும் திருப்பச் சொல்லுண்ணா."

குழு மொத்தமும் சுற்றி நின்றது. எனக்குக் கெத்து முக்கியம். "மொதல்ல உங்க ஊர்க்காரங்கள நிறுத்தச் சொல்லு, அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

"உங்க ஊருன்றியே... அப்ப இது எனக்கு இன்னா ஊருண்ணா?"

அழக்கூட இல்லை. திரும்பிப் போய்விட்டாள்.

மாமனாரைச் சொந்தக்காரர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்களாம். அவர் தேறிவிட்டார். எங்கள் பேச்சு நின்றுவிட்டது. தீபாவளிக்கு அவள் வரவில்லை. பொங்கல் சீர் எடுத்துப் போனேன்... தட்டைக் கையில் வாங்கவே இல்லை.

அடுத்த ஆடி. "கொழாய் அதே எடம்தானா?" என்று காத்தவராயன் கேட்டான்.

"அதே எடம்தான். மூஞ்சி அந்தப் பக்கம்." வறட்டுப் பிடிவாதம் எனக்கு. அவன் தானே மரத்தில் ஏறிக் கட்டினான்.

தீமிதி அன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தங்கச்சி வந்து நிற்கிறாள்! "இன்னாண்ணா, இப்படி எளைச்சிட்ட?" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்த பாசம், தானாக ஆறிவிட்டது என்று நினைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் இல்லாமல் ஒரு விசேஷம் கிடையாது.

இன்று காத்தவராயன் வீட்டுக்கு அவளும் வந்தாள். மாலையைப் போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கே ஆச்சரியம். தனியாகக் கூப்பிட்டு, "இன்னாடி இப்படி அழுவுற?" என்றேன்.

"அந்த வருஷம் வூட்டுக்கே வந்து சொன்னாருண்ணா. 'உங்க அண்ணன் கொழாய்க்கு ஒயர் குடுக்காதன்னு சொல்லிட்டாரும்மா, அது சும்மாதான் தொங்குது. குழுவுக்குத் தெரிஞ்சா அவருக்குக் கஷ்டம், நீயும் வாய வுடாத'ன்னாரு. அதுக்கப்பறம்தாண்ணா நான் வந்தேன்."

ஐந்து ஆடியாக அந்தக் குழாய் ஊமை. மேடைப் பக்கம் பாக்ஸ் சத்தத்தில் நின்றுகொண்டிருந்த எங்களில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. "அந்த ஊரே அலறுதுடா" என்று நான் வேறு வருஷா வருஷம் மார் தட்டியிருக்கிறேன். அட கடவுளே... நினைத்தால் சாவு வீட்டிலும் சிரிப்பு வருகிறது.

அவளிடம் அப்போது தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மனசு ஒப்பவில்லை.

விழாக்குழு நண்பர்களே, திட்டுவதென்றால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, நீ இதைப் படிப்பாய். ஒயர் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லைம்மா. ஒரு வருஷம்கூடச் சொல்லவில்லை.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். இதோ வருகிறேன் காத்தா.